பிழைச் செய்தியின் முன்பாதியைப் படியுங்கள்

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுத உதவும் சட்டகம்) ஏலக் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்தேன். முதல் நாளே பிழைப் பக்கம் வந்தது. ஜாங்கோவின் பிழைப் பக்கமும் வெளிர் மஞ்சள்தான், மண்டிக்குப் பொருத்தம். ‘நன்டைப்’ பொருளுக்கு ‘நேம்’ என்ற பண்பு இல்லை என்றது செய்தி.

தரவுத்தள அட்டவணைகளை விவரிக்கும் மாடல் கோப்பைத் திறந்து ‘நேம்’ இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. மாடலின் மாற்றங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றும் மைக்ரேஷனை மறுபடி ஓட்டினேன், சர்வரை நிறுத்திக் கிளப்பினேன். அரை நாள் போனது. மைக்ரேஷன் விடுபட்டிருந்தால் இந்தச் செய்தி வந்திருக்காது. நெடுவரிசை இல்லை என்று தரவுத்தளமே சொல்லியிருக்கும்.

கணக்கர்தான் கேட்டார்: “ஏனுங்க தம்பி, விலை படியாத மூட்டைக்கு வியாபாரி எங்கிருந்து வருவார்?”

அவ்வளவுதான் விஷயம். ஏலம் போகாத குவியலுக்கு வியாபாரி என்ற இடம் காலி. காலியைப் பைத்தான் ‘நன்’ என்கிறது, அதன் வகைதான் ‘நன்டைப்’. காலியிடத்திடம் பெயர் கேட்டிருக்கிறேன். எது இல்லை என்று பின்பாதி சொல்கிறது. யாரிடம் கேட்டோம் என்று முன்பாதி சொல்கிறது. நம்மில் பலர் பின்பாதியோடு ஓடிவிடுகிறோம். பெயர் கேட்கும் இதே வரியை டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் வார்ப்புரு) எழுதியிருந்தால் ஜாங்கோ வெற்றிடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கும், அது இன்னும் மோசம்.

முன்பாதியில் ‘நன்டைப்’ என்றால் முதல் பதிவை எடுக்க ‘ஃபர்ஸ்ட்’ போட்ட இடத்தையும் பாருங்கள். பதிவு கிடைக்காவிட்டால் அது சத்தமில்லாமல் ‘நன்’ தரும். ஒரே ஒரு பதிவை எடுக்கும் ‘கெட்’ அங்கேயே பிழை எழுப்பும். ‘குவரிசெட்’ என்றால் பதிவுகளை வடிகட்டும் ‘ஃபில்டர்’ தந்த கூட்டத்தை ஒரே ஆளாக நினைத்துவிட்டீர்கள். ‘டிக்ட்’ என்றால் பதிவைப் பெயர்-மதிப்பு அகராதியாகத் தரும் ‘வேல்யூஸ்’ போட்டிருப்பீர்கள். புள்ளி உதவாது, சதுர அடைப்புக்குறி வேண்டும். ‘டியூப்பிள்’ (மதிப்புகளின் தொகுப்பு) என்று வந்தால் மாடலில் புல வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புலம் புலமாகவே ஆகியிருக்காது, மைக்ரேஷனிலும் வந்திராது.

பிழையே வராத தவறுதான் எனக்குப் பயம். எடையைச் சேமிக்கும்போது புலத்தின் பெயரில் ஓரெழுத்து மாறினால் பைத்தான் தடுக்காது. புதுப் பண்பாக ஒட்டிக்கொள்ளும், ‘சேவ்’ அதைக் கண்டுகொள்ளாது. மூட்டையின் பழைய எடை அப்படியே நிற்கும்.

ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற இன்னொரு சட்டகத்தில் எழுதுபவர்களுக்கு வேறு கதை. ‘செலக்ட்’ போட்டு ஐடியை மட்டும் எடுத்துவிட்டுப் பெயரைக் கேட்டால் ‘மிஸ்ஸிங் அட்ரிபியூட் எரர்’ வரும். மாடலில் குறையில்லை, எடுத்து வரவில்லை என்று பொருள். சில புலங்களை மட்டும் எடுக்கும் ஜாங்கோவின் ‘ஒன்லி’ அப்படிக் கோபிக்காது, தரவுத்தளத்துக்கு இன்னொரு நடை போய் எடுத்து வரும்.

எல்லா இடத்திலும், பண்பு இல்லாவிட்டால் மாற்று மதிப்பைத் தரும் ‘கெட்அட்டர்’ போட்டு வெற்றுச் சரத்தை இயல்பு மதிப்பாகக் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். விற்காத மூட்டையும் எழுத்துப்பிழையும் அப்போது ஒரே முகம் காட்டும். ஓரிடத்தில் மட்டும், பண்பு உண்டா இல்லையா என்று பார்க்கும் ‘ஹாஸ்அட்டர்’ பொருந்துகிறது. வங்கிக் கணக்கு மாடல் விவசாயியை ஒன்றுக்கொன்று உறவில் சுட்டும்போது, கணக்கு பதியாத விவசாயியிடம் அதைக் கேட்டால் வரும் பிழை, பண்பு இல்லை என்னும் ‘அட்ரிபியூட் எரர்’ வகையையும் சேர்ந்தது. ஆகவே ‘ஹாஸ்அட்டர்’ நேர்மையாக ‘இல்லை’ என்கிறது. அந்த விவசாயிகளின் பட்டியலை மட்டும் தனியாக அச்சிட்டுக் கணக்கரின் மேசையில் வைத்துவிடுகிறேன்.