காட்டுக் குட்டையை வரையும்போது நீலத்தைக் கையில் எடுக்காதீர்கள்

ஐந்துக்கு ஏழு அங்குலத் தாளில் ஒரு காட்டுக் குட்டையை ஸ்டடியாக, அதாவது நேரில் பார்த்து வரையும் பயிற்சிப் படமாக, வரைய உட்காருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, தண்ணீர் என்றதும் நீலத்தைக் குழைப்பது. கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலோ, தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வழியிலோ மழை முடிந்த கையோடு ஒரு குட்டையைப் பாருங்கள். செம்மண் கரைந்து டீ நிறத்தில் கிடக்கும். அதில் நீலம் தெரிந்தால் அது வானத்திலிருந்து வந்த நீலம், அதுவும் ஏதோ ஒரு மூலையில்தான்.

குட்டை முழுக்க ஒரே வாஷ் (தண்ணீர் கலந்த வண்ணப் பூச்சு) அடிப்பது அடுத்த தவறு. காலடியில் இருக்கும் தண்ணீரை மேலிருந்து குனிந்து பார்க்கிறோம், அதனால் அங்கே மண்ணின் நிறம் தூக்கலாகத் தெரியும். எதிர்க்கரைப் பக்கம் பார்வை சாய்வாகப் போகிறது, அங்கே மரமும் வானமும்தான் தெரியும். முன்பக்கம் எல்லோ ஆக்கரும் (மண் மஞ்சள்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு), தள்ளிப் போகப் போகக் கரும்பச்சையும் சாம்பலும் என்று நிறம் மாறிக்கொண்டே போக வேண்டும். இந்த மாற்றம் இல்லாவிட்டால் குட்டை படுக்காது, சுவர் மாதிரி எழுந்து நிற்கும்.

பிரதிபலிப்பில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கரைக்கு மேலே வரைந்த மரத்தை அப்படியே கவிழ்த்துக் கீழே வரைந்துவிடுகிறார்கள். தண்ணீரில் தெரிவது, நம் கண் நீர்மட்டத்துக்குக் கீழே அதே அளவு ஆழத்தில் இருந்தால் என்ன பார்க்குமோ அந்தக் காட்சி. ஆகவே கரையோரத்துப் புங்கன் முழுசாகத் தெரியும். பத்தடி உள்ளே தள்ளி நிற்கும் ஆச்சா மரத்தின் அடிப்பாகத்தைக் கரையே மறைத்துவிடும், உச்சி மட்டும் தண்ணீரில் விழும். நம் பக்கம் சாய்ந்து நீளும் கிளையோ, மேலே தெரிவதைவிடத் தண்ணீரில் நீளமாகத் தெரியும். இதைக் கணக்குப் போட்டு வரைய வேண்டியதில்லை. பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மேலே இருக்கும் கிளையும் கீழே இருக்கும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று மட்டும் சரிபாருங்கள்.

டோனும், அதாவது நிறத்தின் வெளிச்ச இருட்டு அளவும், அப்படியே தண்ணீரில் இறங்காது. கலங்கல் நீரில் அடர்ந்த மரத்தின் பிம்பம் மரத்தைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்கும், வெளிச்சமான வானமோ தண்ணீரில் ஒரு படி மங்கலாகத் தெரியும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் இது உடனே பிடிபடும். இன்னொன்றும் கவனியுங்கள்: தெளிந்த நீரில் மரநிழல் ஏறக்குறைய விழாது, கலங்கிய நீரில் நன்றாக விழும். நம் செம்மண் குட்டைகளில் நிழலும் பிம்பமும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடப்பதை நான் வேண்டுமென்றே தேடிப் போய்ப் பார்ப்பதுண்டு, அவ்வளவு அழகு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரே கறுப்பாக அப்பிவிடாதீர்கள். பிம்பம் நம்மை நோக்கி நேராக இறங்கும், நிழல் வெயில் தள்ளும் பக்கம் போகும்.

ட்யூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே வைப்பதும் வேண்டாம். இந்தப் பக்கத்தில் இருப்பது இலையுதிர் காடு. கோடையில் பாதி மரம் மொட்டையாக நிற்கும், ஆச்சாவின் பச்சையே சாம்பல் கலந்தது. பச்சைக்கு அல்ட்ராமரைன் என்ற நீலத்தில் எல்லோ ஆக்கர் சேர்த்து, துளி பர்ன்ட் சியன்னாவால் அடக்கினால் போதும்.

சின்னத் தாள் என்பதால் சின்ன பிரஷ்ஷை எடுக்காதீர்கள். அரை அங்குலப் பட்டை பிரஷ்ஷில் பெரிய வடிவங்களை முதலில் முடியுங்கள், இலை இலையாகப் போகாதீர்கள். தாளை வெயிலில் விரித்தால் கண் கூசும், அந்தக் கூச்சத்தில் எல்லாவற்றையும் தேவைக்கு மேல் இருட்டாக வைத்துவிடுவோம். நிழலில் உட்காருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் நமக்காக நிற்காது. நிழல் நகர்ந்த பிறகு அதைத் துரத்தித் திருத்தினால், ஒரே தாளில் இரண்டு வெயில் வந்துவிடும்.

ஆர்வத்தில் காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிடுவது பெரிய தவறு. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படி குற்றம். அஞ்செட்டி, தளி வட்டாரம் யானை நடமாடும் இடம், காலையிலும் சாயங்காலமும் அவை தண்ணீருக்கு வரும். ஊரை ஒட்டிய குட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஆடு மாடு ஓட்டி வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள்.

முடித்ததும் தாளின் பின்பக்கம் இடம், தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது என்று எழுதிவிடுங்கள். ஆங்கிலேய நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டன் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட்டில் வரைந்த மேக ஸ்டடிகள் பலவற்றின் பின்னால் நேரமும் காற்றின் திசையும்கூட எழுதியிருக்கிறார். பிறகு வீட்டில் செல்போன் படத்தைப் பார்த்து அந்த ஸ்டடியைத் திருத்தாதீர்கள். போன் மரத்தடியைக் கறுப்பாக்கும், வானத்தை வெள்ளையாக்கும். பெரிதாக வரைய ஆசையிருந்தால் வேறு தாளில் வரையுங்கள், குட்டையோரத்தில் வரைந்தது அப்படியே இருக்கட்டும்.