கடலோர வீட்டில் இறவாரப் பலகை மாற்றுகிறீர்களா?

இறவாரத்துக்கு அடியில் அடித்த பலகை இற்றுப்போயிருந்தால் மறுபடியும் பிளைவுட் போடாதீர்கள். 8 மில்லிமீட்டர் ஃபைபர் சிமெண்ட் போர்டு வாங்கி, வெட்டிய விளிம்புகளில் முதலிலேயே பிரைமர் அடித்து, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குருவால் பூட்டுங்கள். 8க்கு 4 அடி ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக வெட்டினால், 2 அடி இறவாரத்தில் 16 அடி தூரம் வரும். கழிவே இல்லை.

ஃபைபர் சிமெண்டைக் கரையான் அரிக்காது, ஐப்பசி கார்த்திகை மழையில் அது மட்கவும் செய்யாது. ஆனால் தொண்டி, மண்டபம், கீழக்கரைப் பக்கம் முதலில் கைவிடுவது ஸ்குருதான். இறவாரத்தின் அடிப்பக்கம் மழையில் நனையாது, அதனால் காற்றில் வந்து படியும் உப்பு கழுவப்படாமல் அங்கேயே தங்கி ஜிஐ ஸ்குருவின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். (கடைக்காரர் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலே போதும் என்பார். அதிலும் பழுப்புக் கறை வரும்.) பலகையில் மிச்சம் பிடித்தாலும் ஸ்குருவில் பிடிக்க வேண்டாம்.

தாங்கும் பனஞ்சட்டமே உளுத்திருந்தால் இது சரிவராது. முழு ஷீட் 30 கிலோவுக்கு மேல் இருக்கும், முதலில் சட்டத்தை மாற்றுங்கள். முடியாவிட்டால் எடை குறைந்த பிவிசி பேனல் போடலாம், வெயில் நேராகப் படாத பக்கத்தில் மட்டும். அப்புறம், இப்போது இருப்பது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதை நீங்களே வெட்டவோ உடைக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.