ஆளைத் தேடாதீங்க, வயலைத் தேடுங்க: குமரி மாவட்டத்துல பூட்டன் காலத்துக்குப் போற வழி

குடும்ப வரலாறு தேடப் போறேன்னு கெளம்புற எல்லாரும் முதல்ல ஒரு நோட்டை எடுத்து பேரா எழுத ஆரம்பிப்பாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், மூணாவது தலைமுறையிலேயே முட்டிக்கிட்டு நின்னுட்டேன். நம்ம பக்கம் பாட்டாவுக்க பேரைத்தானே பேரனுக்கு விடுவாங்க, ஒரே ஊர்ல ஒரே பேர்ல நாலு பேர், அதுல நம்ம ஆள் யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்க? ஆனா விவசாயக் குடும்பத்துக்கு ஒரு வசதி இருக்கு. ஆள் செத்துப் போவான், வயல் எங்கயும் போகாது. அதனால வயலைப் பிடிங்க, அதுக்குப் பின்னால ஆள் தானா வருவான்.

வீட்டுல இருக்க வயசானவங்ககிட்ட கேக்கும்போதே இதை மனசுல வச்சுக்கோங்க. எங்க ஆச்சிகிட்ட "பாட்டாவுக்க அப்பாவுக்க அப்பா பேரு என்ன ஆச்சி"ன்னு கேட்டா "அது யாருக்குத் தெரியும் மக்களே"ன்னு முடிச்சிருவா. அதே ஆச்சிகிட்ட சானல்கரையில இருந்த வயலுக்கு என்ன பேரு, எத்தனை மரக்கால் வெதப்பாடு (எத்தனை மரக்கால் நெல்லு வெதைக்கிற அளவு நிலம்), யாருகிட்ட ஒத்திக்கு கெடந்துதுன்னு கேட்டேன், ஒரு மணி நேரம் நிறுத்தல. யாரு ஒத்தி வச்சா, யாரு திருப்புனா, யாரு சண்டை போட்டான்னு வரிசையா பேரு தானா வந்து விழுந்துச்சு.

அடுத்தது டிரங்கு பெட்டி. பழைய ஆதாரம் (நிலம் வாங்குன பத்திரம்), பாகப் பத்திரம், ஒத்திச் சீட்டு, கரம் (நில வரி) தீர்த்த ரசீது, எதையும் சின்னதுன்னு ஒதுக்காதீங்க. ஆதாரத்துல தாலுகா, பகுதி (அந்தக் காலத்து வருவாய் கிராமம்), தேசம் (அதுக்குள்ள இருக்க ஊர்), வீட்டுப்பேர், நாலு எல்லை எல்லாம் இருக்கும். எல்லையை கட்டாயம் வாசிங்க, கிழக்கே இன்னாருக்க வயல்னு பக்கத்து வயல்காரன் பேரு இருக்கும், பாதி நேரம் அவன் நம்ம பூட்டனுக்க அண்ணன் தம்பியாத்தான் இருப்பான். அப்புறம் பெரும்பாலும் ஆதாரத்துல இது எனக்கு எப்படி வந்துச்சுன்னு முன் ஆதாரத்துக்க நம்பரும் ஆண்டும் எழுதியிருப்பாங்க. அந்த நம்பரை வச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் மனு போடணும், அது கிடைச்சா அதுல அதுக்கு முந்தின நம்பர். இப்படி ஒண்ணைப் பிடிச்சு ஒண்ணா பின்னால போகலாம். ஆன்லைன் வில்லங்கத்தை நம்பிக்கிட்டு உக்காராதீங்க, அது 19-ம் நூற்றாண்டுக்கெல்லாம் போகாது.

இங்க ஆண்டுதான் பெரிய வினை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால நாம திருவிதாங்கூர்ல, கடைசி சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்தவங்க, அதனால பழைய பத்திரம் எல்லாம் கொல்லம் ஆண்டுதான், அதாவது மலையாள ஆண்டு. இங்கிலீஷ் வருஷம் வேணும்னா எல்லாரும் 825 கூட்டுன்னு சொல்லுவாங்க, நானும் கூட்டுனேன். எங்க பூட்டன் வயல் வாங்குன ஆதாரம் 1066 புரட்டாசி, கூட்டுனா 1891. கல்லறையில பார்த்தா அவரு செத்தது 1891 ஜனவரி. செத்து எட்டு மாசம் கழிச்சு வந்து நிலம் வாங்கிட்டுப் போயிருக்காரு பாருங்க! அது வேற ஆளுன்னு நினைச்சு ரெண்டு மாசம் வேற குடும்பத்தைத் தேடி அலைஞ்சேன். விஷயம் என்னன்னா கொல்லம் ஆண்டு ஆவணியில பிறக்கும், அதனால ஆவணியில இருந்து மார்கழி பாதி வரைக்கும் 824 கூட்டணும், அதுக்கு மேல அடுத்த ஆடி வரைக்கும் 825. மனுஷன் 1890-ல வாங்கியிருக்காரு, அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை எண்ணு. தமிழ் எண்ணுல எழுதியிருந்தா ஒண்ணு பாக்க 'க' மாதிரி, ரெண்டு 'உ' மாதிரி, ஏழு 'எ', எட்டு 'அ', பத்து ஏறக்குறைய 'ய' மாதிரி இருக்கும். ௲௬௰௧-ன்னு இருந்தா அது 1061, ஏதோ வார்த்தைன்னு நினைச்சு தாண்டிப் போயிராதீங்க. கல்குளம், விளவங்கோடு பக்கத்து பத்திரம் மலையாளத்துல வரும், அதுக்கு மார்த்தாண்டம் பக்கம் வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்க இன்னும் இருக்காங்க.

சர்க்கார் ரெக்கார்டுல ரெண்டு வருஷத்தை மறக்காதீங்க. 1865-ல பாட்டம் விளம்பரம்னு ஒரு சர்க்கார் அறிவிப்பு வந்துச்சு, சர்க்கார் பாட்ட நிலத்தை (சர்க்கார் குத்தகைக்கு விட்ட நிலத்தை) வச்சிருந்தவங்களுக்கு அதை விக்கவும் பிள்ளைகளுக்கு விடவும் உரிமை கிடைச்சது அதுலதான். அப்புறம் 1886-ல செட்டில்மென்ட் விளம்பரம், நிலத்தை அளந்து சர்வே நம்பர், பரப்பு, கரம், பட்டாதாரர் பேருன்னு பதிவு பண்ணுனாங்க, அந்த ரெஜிஸ்டர்ல பேர் கிடைச்சா நீங்க பூட்டன் வாசல்ல நிக்கிறீங்கன்னு அர்த்தம். ஆனா இப்ப உங்க கையில இருக்கது ரீசர்வே (பின்னால மறுபடியும் அளந்த) நம்பர், பழைய நம்பர் வேற, முதல்ல தாலுகா ஆபீஸ்ல ரெண்டையும் ஒப்பிட்டு வாங்கிட்டுதான் மேல போகணும். அதுக்கும் முந்தின ஓலைச் சுருணைகள் (சர்க்கார் கணக்கு எழுதுன ஓலைக் கட்டுகள்) வேணும்னா திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில இருக்க கேரள ஆவணக் காப்பகம்தான், ஊரும் பகுதியும் தெரியாம அங்க போனா கடல்ல ஊசி தேடுறதுதான்.

நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் குடும்பம்னா அப்பா பேரைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. மருமக்கள்வழி, சொத்து மாமனுக்கப்புறம் மருமகனுக்குத்தான், அதாவது அக்கா தங்கச்சி மகனுக்குத்தான் போகும், 1926 சட்டம் வர்ற வரைக்கும் அதான் நடப்பு. காரணவர் (குடும்பத் தலைவரா இருந்த மாமன்) யாரு, அனந்திரவன் (அவருக்கப்புறம் வர்ற மருமகன்) யாருன்னு பாருங்க, மகனுக்குப் போனது 'உகந்துடைமை'ங்கிற பேர்ல தனியா வரும்.

பட்டாவே இல்லாம அடுத்தவன் வயல்ல உழைச்ச குடும்பங்களுக்கு இந்த வழி பாதிதான் உதவும், இதையும் சொல்லணும். திருவிதாங்கூர்ல அடிமை முறையை முழுசா ஒழிச்சது 1855-லதான், அதுக்கு முந்தின ஓலைகள்ல ஆளையும் நிலத்தைப் போல வித்து வாங்கியிருக்காங்க, அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள்ல இதைப் பார்க்கலாம். நம்ம பூட்டன் பேரு விக்கிறவன் பக்கம் இல்லாம விக்கப்பட்டவன் பக்கம் இருக்கலாம், மனசைத் தயார் பண்ணிட்டு வாசிங்க. இவங்களுக்கு சர்ச் ரெஜிஸ்டர் நல்ல துணை. மயிலாடியில 1809-லேயே ஆலயம் கட்டியாச்சு, பழைய சபைகள்ல ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணு புத்தகத்தையும் கேளுங்க. லண்டன் மிஷன்காரங்க எழுதுன கடிதங்கள் லண்டன்ல ஸோவாஸ் (SOAS) பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு.

வீட்டுல ஓலை கிடைச்சா தண்ணி தொடாதீங்க, துணி வச்சு தேய்க்கவும் வேண்டாம், எங்க சித்தப்பா ஒண்ணை பல்லு தேய்க்கிற பிரஷ்ஷால சுத்தம் பண்ணி நடு வரி முழுக்க உதிர்ந்து போச்சு. ஓலையை மேசையில வச்சு, ரூமை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை பக்கவாட்டுல தாழ்த்திப் பிடிச்சு போட்டோ எடுங்க, கீறுன எழுத்துக்குள்ள நிழல் விழுந்து வரி எந்திரிச்சு நிக்கும்.