நியூட்ரலும் எர்த்தும் வீட்டுக்குள் சேரவே கூடாது

வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய போர்ஷன் வீடுகளில் த்ரீ பின் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தால், நியூட்ரலிலிருந்து (கரன்ட் திரும்பிப் போகும் ஒயர்) எர்த்துக்கு (லீக்கை மண்ணுக்கு இறக்கும் ஒயர்) இரண்டு அங்குல ஒயர் துண்டு ஒன்று சொருகியிருப்பது உண்டு. எர்த் ஒயர் இழுக்காமலே ‘எர்த்’ கொடுத்ததாகக் கணக்குக் காட்டும் வேலை. டெஸ்ட் லாம்ப் பளிச்சென்று எரியும். ஆனால் நியூட்ரல் எங்கேயாவது விட்டுப்போனால், ஓடும் ஃபேன் வழியாகவே பேஸ், அதாவது உள்ளே வரும் கரன்ட், அந்தத் துண்டு ஒயருக்கு வந்துவிடும். ஃபிரிட்ஜ் பாடியில் கிட்டத்தட்ட 230 வோல்ட் நிற்கும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து மெயின் போர்டில் இரண்டையும் இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அது விதி. இங்கே நியூட்ரலை எர்த் பண்ணுவது மின்வாரியம், டிரான்ஸ்ஃபார்மரில். மீட்டருக்கு இந்தப் பக்கம் நாம் கை வைக்கக் கூடாது.

எர்த் பைப் இறக்கியாச்சு, லீக் ஆனால் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) விழுந்துவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்து. எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்றால், பாடியில் பேஸ் பட்டதும் ஓடுவது 230 ÷ 20, அதாவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அசையாது. கீசர் கரன்ட்டோடு நிற்கும். இதற்குத்தான் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது அந்த அளவு லீக் ஆனாலே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச். அதன் டெஸ்ட் பட்டன் எர்த்தே இல்லாத வீட்டிலும் வேலை செய்யும். பட்டனை அமுக்கி ஆர்சிசிபி விழுந்ததால் எர்த் சரி என்று நினைக்க வேண்டாம்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால் உள்ளே எங்கேயோ நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கலாம், அல்லது பக்கத்து போர்ஷன் நியூட்ரலை எடுத்திருப்பார்கள். லீக் உள்ள மோட்டாராகவும் இருக்கலாம். தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு பைபாஸ் பண்ணுவது படுமோசம். பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் ஸ்விட்ச்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பிளக்கெல்லாம் பிடுங்கி, வோல்ட் இல்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, பாயின்ட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் ஒவ்வொரு பாயின்ட்டாகத் திறக்க வேண்டியதுதான்.

பழைய போர்டில் நியூட்ரலிலும் கிட்கேட் ஃபியூஸ் (பீங்கான் ஃபியூஸ்) இருந்தால், அது போனாலும் நியூட்ரல் விட்டுப்போகும்; எடுத்துவிட்டு லிங்க் (ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு) போடச் சொல்லுங்கள்.

எர்த் குழி விஷயத்தில் கடலோரக் காசிமேடு, எண்ணூர் கதை தனி. எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3043 சொல்லும் 2.5 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பே போட்டாலும் உப்பு மண் அதை அரிக்கும். அங்கே குழியில் மேலும் உப்பைக் கொட்டுவது பைப்பின் ஆயுளைக் குறைப்பதுதான். முதலில் போவது எர்த் ஒயரைப் பைப்போடு பிடிக்கும் கிளாம்ப் போல்ட். மழைக்காலம் முடிந்ததும் மூடியைத் திறந்து, துருவைச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவுங்கள்.