அக்கா மகனுக்கு நான் போட்டுக் கொடுத்த திட்டம்: பதின்வயதில் எடை குறைக்க

போன வருடம் ஜூலையில் ஒருநாள், காலை பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டான் என்று என் அக்கா மகனின் பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்பு, 15 வயது, உயரம் 162 செ.மீ., எடை 78 கிலோ. விசாரித்தால், பக்கத்து ஜிம் ஒன்றில் யாரோ ‘ஒரு வாரம் சோற்றையே தொடாதே, வெறும் வயிற்றில் 5 கிலோமீட்டர் ஓடு’ என்று சொல்லி ஒரு பவுடர் டப்பாவையும் தலையில் கட்டியிருக்கிறார்கள். நான்காம் நாள் விழுந்துவிட்டான். நான் 19 வருடமாக பி.டி. டீச்சர். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்னடா?” என்றேன். “நீங்களும் ஓடத்தானே சொல்லுவீங்க சித்தி?” என்றான்.

ஓடச் சொல்லவில்லை. முதலில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவன் கழுத்தின் பின்பக்கம் கறுப்பாக, வெல்வெட் மாதிரி இருக்கும். அழுக்கு என்று நினைத்து அக்கா பீர்க்கங்காய் நாரால் இரண்டு வருடமாகத் தேய்த்திருக்கிறாள். தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு இரண்டும் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தோம். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளித்தள்ளிப் போனால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கை, பெரியவர்களுக்குப் போடுவது போல இந்த வயதில் அப்படியே போடக்கூடாது. வயதுக்கும் ஆண், பெண் என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணை டாக்டரிடம் இருக்கும். பையன் இன்னும் உயரப் போகிறவன். எடை ஏறாமல் நின்று உயரம் மட்டும் கூடினாலே பாதி வேலை முடிந்தது. அதனால் வீட்டு எடை மெஷினைப் பரண்மேல் போட்டேன். அதற்குப் பதில் ஒரு சணல் கயிறு. அவன் உயரத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்து, இடுப்பைச் சுற்றினால் முனைகள் தொட வேண்டும். அதாவது இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். முதல் நாள் முனைகளுக்கு நடுவே நான்கு விரல் தாராளமாகப் போனது. மாதம் ஒருமுறை மட்டும் அளப்பது என்று ஒப்பந்தம்.

இனி எடைப் பயிற்சி. ‘வெயிட் தூக்கினால் வளர மாட்டான்’ என்று எங்கள் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். அது பழைய பயம். ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, சரியான முறையில், தாங்கும் எடையைத் தூக்கினால் வளர்ச்சி நிற்காது. ஆபத்து எங்கே என்றால், நண்பன் 40 கிலோ தூக்கினான் என்று தானும் போய் மாட்டிக்கொள்வதில்தான். எவ்வளவு அதிகம் தூக்க முடியும் என்று சோதித்துப் பார்ப்பது இந்த வயதில் வேண்டாம்.

முதல் மூன்று வாரம் டம்பெல் கண்ணிலேயே காட்டவில்லை. நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்தும் பிளாங்க், அவ்வளவுதான். உட்காரும்போது அவன் முழங்கால் இரண்டும் உள்ளே மடங்கின, குதிகால் தரையை விட்டு எழும்பியது. பின்னால் நிஜமாகவே ஒரு நாற்காலியைப் போட்டு, ‘பின்பக்கம் லேசாகத் தொட்டதும் எழுந்திரு’ என்றேன். பத்து நாளில் சரியானது. சுவர்த் தண்டால் சுலபமானதும் திண்ணை, அப்புறம் தரை. நான்காவது வாரம் ஸ்கூல் பையில் புத்தகங்களை நிரப்பி, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக் குனிந்து, மற்ற கையால் இடுப்பு வரை இழுக்க வைத்தேன். கடைசியில் பிளாஸ்டிக் குடத்தில் பாதி தண்ணீர் பிடித்து, கைக்கொன்றாகத் தூக்கி வாசலிலிருந்து கொல்லை வரை நடை. அக்காவுக்குத் தண்ணீர் எடுக்கும் வேலையும் மிச்சம்.

ஒவ்வொன்றையும் விடாமல் 10 முதல் 12 தடவை செய்தால் அது ஒரு செட். முதலில் இரண்டு செட், பிறகு மூன்று. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் முதுகு வளையக்கூடாது. வளைந்தால் அன்றைக்கு அந்தச் செட் முடிந்தது. மூன்று செட்டும் 12 தடவை சுத்தமாக வந்தால்தான் எடையைக் கூட்டலாம். திங்கள், புதன், வெள்ளி இது.

செவ்வாய், வியாழன், சனி சைக்கிள். ஓட்டத்தையும் ஸ்கிப்பிங்கையும் ஏன் முதலில் தரவில்லை என்றால், கனமான பிள்ளை குதித்தால் முழங்காலும் கணுக்காலும்தான் வாங்கும். வேகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. 20 நிமிடத்தில் ஆரம்பித்து வாரம் 5 நிமிடம் கூட்டினோம். ஞாயிறு அவன் இஷ்டம், பெரும்பாலும் கிரிக்கெட். இந்த வயதில் தினம் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூஷனுக்கு நடந்து போவதும் அந்தக் கணக்கில் சேரும். இரண்டு பயிற்சியும் ஒரே நாளில் வந்தால் எடை முதலில், சைக்கிள் பிறகு. களைத்த காலோடு தூக்கினால் முறை கெட்டுப்போகும்.

சாப்பாட்டில் நான் எதையும் நிறுத்தவில்லை, இரண்டைத் தவிர: பாட்டில் கூல்டிரிங்க், டியூஷன் வாசல் பஃப்ஸ். 250 மில்லி கூல்டிரிங்க்கில் சுமார் 25 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட ஆறு டீஸ்பூன். அவன் தினம் ஒன்று குடித்திருக்கிறான். நாலரை மணிப் பசியை ‘அடக்கிக்கோ’ என்று சொல்லி ஜெயிக்க முடியாது. டிபன் பாக்ஸில் சுண்டல் கொடுத்துவிட்டோம், ஒருநாள் தட்டைப்பயறு, ஒருநாள் கொண்டைக்கடலை, நடுவில் வேகவைத்த வேர்க்கடலை. மதியத் தட்டில் முதலில் இரண்டு கரண்டி பொரியல், பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில்தான் சோறு. இந்த வரிசையை மாற்றியதிலேயே மூன்றாவது தடவை சோறு கேட்பது நின்றது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. தயிர், பயறு, மீன் எல்லாம் சேர்ந்தால் பவுடர் டப்பாவுக்கு அவசியமே இல்லை. காலையில் சாப்பிடாமல் போவது கூடவே கூடாது. மூன்று இட்லியும் கிண்ணம் நிறைய சாம்பாரும் போதும். புரோட்டா? மாதம் இரண்டு, எல்லோரும் சேர்ந்து. வீட்டில் ஒருவன் மட்டும் பத்தியம் இருந்தால் அது தண்டனை ஆகிவிடும். அக்கா வீட்டுக்காரரும் மிக்சர் டப்பாவை மூடி வைத்தார், முனகிக்கொண்டேதான்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த நிலையில் சாப்பாட்டைக் குறைத்தால் எடையை விட ரத்தம்தான் முதலில் போகும். முருங்கைக்கீரை, முட்டை, ஈரல் இவற்றில் கை வைக்காதீர்கள். பிள்ளை தட்டை மறைக்கிறாள், சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறாள், மாதவிலக்கு நின்றுவிட்டது என்றால் திட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ‘குண்டு’ என்று கூப்பிடும் சொந்தக்காரர்களை நீங்களே வாசலில் நிறுத்தி வையுங்கள்.

முதல் ஆறு வாரம் கயிறு அசையவே இல்லை. பையன் சோர்ந்துவிட்டான். ஆனால் தரையில் 9 தண்டால் எடுக்கிறான், முதல் நாள் ஒன்றுகூட வரவில்லை என்று நோட்டைக் காட்டினேன். ஐந்தாவது மாதம் டாக்டரிடம் பார்த்தபோது 74 கிலோ, 164 செ.மீ. கயிற்றின் முனைகளுக்கு நடுவே இரண்டு விரல்தான்.

பரீட்சை மாதத்தில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள், அங்கேதான் திரும்ப ஏறுகிறது. அப்போது சைக்கிளை விடலாம். எடைப் பயிற்சியை வாரம் இரண்டு நாள், 20 நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணிவரை படித்தால் பிஸ்கட் பாக்கெட்டும் கூடவே உட்கார்ந்துகொள்ளும். இந்த வயதுக்கு 8 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவன் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து படித்தான். படிக்க உட்காருவதற்கு முன்னால் அந்த இரண்டு குடமும் நிரம்பியிருந்தன.