கேமுக்கு ஏற்ற கன்வெர்ட்டர்

ஷெவர்லே 350 போன்ற வி8 எஞ்சினில் வீரியமான கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு; சுருக்கமாகக் கேம்) பொருத்துவோர், கேமுடன் வரும் விவரச் சீட்டில் ஆற்றல் தொடங்கும் வேகம் 2,000 ஆர்.பி.எம். என்றிருந்தால், ஏறத்தாழ 2,500 ஆர்.பி.எம். ஸ்டால் வேகமுள்ள (வண்டியை நகரவிடாமல் பிடித்திருக்கையில் எஞ்சின் ஏறக்கூடிய உச்ச வேகம்) டார்க் கன்வெர்ட்டரையும் (எஞ்சினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியே இணைக்கும் பாகம்), எஞ்சின் வெளியே இருக்கும்போதே, சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. பிறகு கியர்பாக்ஸைத் தனியே இறக்கும் கூலி மிச்சமாகும்.

இத்தகைய கேமில் வால்வுகள் நெடுநேரம் திறந்திருப்பதால் குறைந்த வேகத்தில் இழுவிசை தளர்கிறது. பழைய கன்வெர்ட்டரோ எஞ்சினை அந்தத் தளர்ந்த வேகத்திலேயே பிடித்து வைப்பதால், வண்டி சோம்பலாகக் கிளம்புவதோடு, டிரைவ் (D) நிலையில் பிரேக்கை மிதித்து நிற்கையில் குலுங்கி அணைந்தும் போகும். ஸ்டால் கூடிய கன்வெர்ட்டர் சற்று வழுக்கி, எஞ்சினை வலுவான வேகத்துக்கு ஏறவிடுகிறது.

கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. மென்மையான கேமுக்குத் தேவையில்லை. பாரம் இழுக்கும் வண்டியில், வழுக்கலால் கியர்பாக்ஸ் எண்ணெய் கடுமையாகச் சூடாகும் என்பதால், தவிர்ப்பதே நலம்; மற்றவற்றிலும் அந்த எண்ணெயைக் குளிர்விக்கத் தனிக் கூலர் ஒன்றை அவசியம் பொருத்துங்கள்.