வாவிக்கரையில் மீன் சிற்பம் வைக்குமுன்

மீன்களின் பயணத்தைச் சொல்லும் சிற்பம் என்றவுடன் பலர் வரைவது, அருவியில் எதிர்நீச்சல் போட்டுத் துள்ளும் சால்மனைத்தான். மட்டக்களப்பில் அதை வைப்பது முதல் தவறு.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். நம் வாவியில் கதை தலைகீழ். இறால், மணலை மீன், விலாங்கு எல்லாம் கடலில் பிறக்கின்றன. குஞ்சாக உள்ளே வந்து வளர்ந்து, இனம்பெருக்க மறுபடி கடலுக்குப் போகின்றன. ஆகவே எல்லா மீனையும் ஒரே திசை பார்க்க நிறுத்தினால் பாதிக் கதை போய்விடும். கடலிலிருந்து வரும் விலாங்குக் குஞ்சு கண்ணாடி இழை மாதிரி இருக்கும், கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. கொஞ்சம் வளர்ந்ததும் ஈரமான சொரசொரப்புச் சுவரில் உடம்பை ஒட்டி ஊர்ந்து ஏறும். துள்ளலை விட இந்த ஊர்தல் எவ்வளவு அழகு!

அப்புறம், மீனைக் காட்டிவிட்டு வழியைக் காட்டாமல் விடுவது. கோடையில், வாவி கடலோடு சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் வயலை மூட, நீர் கடலுக்கு ஓட அந்த மணலை வெட்டித் திறப்பார்கள்; அதுதான் ஆற்றுவாய் வெட்டுவது. வயலுக்காக வெட்டிய அந்த வாயால்தான் மீனும் போய்வருகிறது. ஒரு மணல்திட்டு, நடுவே ஒரு வெட்டு: அதுவே நம் சிற்பம். அம்பாறையில் என்றால் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் அணையும் துருசும் (மதகும்) உள்ளே வரவேண்டும்.

உப்புக்காற்றை மறப்பதும் பெரிய தவறு. கரையோரத்தில் ஒரு கொங்கிறீற்று மீனைத் தொட்டுப் பார்த்தேன். செதிலின் ஓரம் பழுப்பாகக் கசிந்து, விரல் பட்டதும் ஓடு ஓடாகக் கழன்றது. உள்ளே கம்பி துருவேறி வீங்கியிருந்தது. மெல்லிய செதிலில் கம்பியை மூடப் போதிய கனம் இல்லை. கழுவாத கடல்மணல் கலந்தால் இன்னும் சீக்கிரம் துருவேறும். செதிலைத் தடிப்பாக்குங்கள், இல்லையென்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போடுங்கள். 1978 சூறாவளி அடித்த ஊர் இது, அடித்தளமும் காற்றுக்குத் தாங்கவேண்டும்.

வலை காயப்போடும் இடத்தைப் பிடிக்காதீர்கள்.

களிமண் மாதிரியை மீனவரிடம் காட்டாமல் வார்க்கவும் வேண்டாம். வாயை அகலத் திறந்து செய்த மணலை மீனைப் பார்த்த ஒரு பெரியவர், "மனே, இது சேத்தைத் தின்னுற மீன், வாய் சின்னன்" என்று தன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அன்றே வாயைத் திருத்தினோம்.